நாலடுக்குக் கேரியரில் அப்பா பெயர்

போன வாரம் அந்தக் கேரியரை ஜேசிபியின் பல்லிலேயே தொங்கவிட்டுப் போனதற்காக என்னைத் திட்டி எழுதியவர்கள் பலர். நியாயமான கோபம்தான். இந்த வாரம் கீழே இறக்கிவிடுகிறேன்.

பெங்களூருக்கும் ஓசூருக்கும் நடுவே சந்தாபுராவில், சர்க்கிளுக்குப் பின்னால் கல்யாண மண்டபம் கட்ட அஸ்திவாரம் தோண்டினார்கள். தோண்டிய இடத்தில் ஒரு பழைய கிணறு இருந்தது. 92 ஜனவரியில் மண்ணடித்துத் தூர்த்த கிணறு. வெள்ளிக்கிழமை காலை அதற்குள்ளிருந்து முதலில் ஒரு நாலடுக்கு டிபன் கேரியர் வந்தது. பின்னாலேயே ஒரு மனிதனின் எலும்புகள் வந்தன. கேரியரில் தமிழில் பெயர் வெட்டியிருந்தது: மா.நாராயணசாமி.

சந்தாபுரா சின்ன ஊர். பத்து மணிக்கு மண்ணிலிருந்து வெளியே வந்த பெயர் பத்தேகாலுக்குள் நாராயணசாமியின் மனைவி தனக்கோடியின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

நாராயணசாமி காணாமல் போய் ஏழு வருடம் ஆகிறது. 91 டிசம்பர் காவிரிக் கலவரத்தின்போது ஓசூர்ப் பக்கம் பஸ் ஏறிப் போன ஆயிரக்கணக்கான தமிழர்களில் அவரும் ஒருவர் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். “நான்தான் மாப்பிள்ளைய என் கையால பஸ் ஏத்திவிட்டேன்” என்று தனக்கோடியின் அண்ணன் சிவசங்கரன் சொன்னார். ஊர் அடங்கியது. போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்தார்கள். நாராயணசாமி மட்டும் வரவில்லை. ஹெப்பகோடியில் பேக்கிங் வேலைக்குப் போய் மகளைப் படிக்க வைத்த தனக்கோடி, ஒரு நாள்கூடப் பொட்டில்லாமல் வெளியே போனதில்லை. யாராவது ஜாடை பேசினால் மறுநாள் பொட்டு இன்னும் கொஞ்சம் பெரிதாகும்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. அந்தப் பொட்டைச் சாயந்திரம் ஆறு மணிக்கு அழிப்பது என்று சிவசங்கரன் முடிவு செய்துவிட்டார். இரண்டு மணி நேரம் பிரயாணம் செய்து கிருஷ்ணகிரியிலிருந்து சொந்தக்காரர்கள் ஒரு வேனில் வந்து இறங்கிவிட்டார்கள். வாசலில் பந்தலும் போட்டாயிற்று. பிறந்த வீட்டுக் கோடிப் புடவை மஞ்சள் பையில் ஆணியில் தொங்குகிறது. பாக்கி ஒன்றே ஒன்றுதான். எலும்பைக் கையில் வாங்க ஒரு கையெழுத்து.

அதைப் போடத்தான் மகள் சாந்தகுமாரி மத்தியானம் மாமாவுடன் ஸ்டேஷனுக்குப் போனாள்.

இன்ஸ்பெக்டர் நஞ்சுண்டப்பா மேஜைமேல் கன்னடப் பேப்பரை விரித்து அதன்மேல் கேரியரை வைத்திருந்தார். சேறு கழுவியிருந்தார்கள். கொக்கி துருப்பிடித்துக் கிடந்தாலும் எவர்சில்வர் அப்படியேதான் இருந்தது. பெண்கள் யாரும் அதை இதுவரை பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை ஸ்டேஷனுக்கு வந்து, “எங்க வீட்டுதுதான் சார்” என்று அடையாளம் சொன்னவர் சிவசங்கரன்.

“நோடம்மா. பேரு இதே. உங்க அப்பா பேருதானே? மாமாவும் பார்த்துச் சொல்லிட்டாரு. இல்லி ஒந்து சைன் போடு, முடிஞ்சுது.”

சாந்தா பேனாவை எடுத்தாள். கேரியரைப் பார்த்தாள். புள்ளி புள்ளியாக அடித்த எழுத்தில் அப்பாவின் பெயர். இடது கை விரலால் அதைத் தடவினாள். அப்போதுதான் பெயருக்குக் கீழே இருந்த இன்னொரு வரி கண்ணில் பட்டது. 9-6-89.

தடவிய விரல் அங்கேயே நின்றுவிட்டது.

“சார், இது என்ன தேதி?”

“வாங்கின தேதி இருக்கும். ஏனு இவாக, இப்ப என்ன அதுக்கு?”

“அம்மா இதைப் பார்க்கணும் சார். அம்மாதான் சைன் பண்ணணும்.”

“அவ மனசு ஒடஞ்சு உட்கார்ந்திருக்கா,” என்று சிவசங்கரன் குறுக்கே வந்தார். “அவள எதுக்கு இங்க இழுக்கற? நீ போடு. இல்ல நான் போடறேன்.”

நஞ்சுண்டப்பா தலையாட்டினார். “நீங்க ஆகல்ல. ஒண்ணு ஹெண்டத்தி, பெண்டாட்டி, இல்ல மகள். ஸ்வல்ப சீக்கிரம். நாலு மணிக்கு நான் ஆனேக்கல் கிளம்பணும். அதுக்குள்ள சைன் ஆனா இன்னிக்கு. இல்லன்னா புதன்கிழமை.”

வெளியே வந்ததும் சிவசங்கரனுக்கு முகம் கறுத்துவிட்டது. இரண்டு லாரிக்குச் சொந்தக்காரர். சந்தாபுராவில் எந்தக் கட்டடத்துக்கும் மண்ணும் ஜல்லியும் அவர் லாரியில்தான் வரும். மற்றவர்கள் தன் பேச்சைக் கேட்டுத்தான் அவருக்குப் பழக்கம்.

“வேன் வச்சுகிட்டு ஜனம் வந்து உக்காந்திருக்குது. நீ இங்க கலெக்டராட்டம் கேள்வி கேக்கற.”

“மாமா, அப்பாவ நீங்கதான பஸ் ஏத்திவிட்டீங்க?”

“ஆமா.”

“ஓசூர் பஸ்ல?”

“ஆமாடி.”

“அப்ப கிணத்துக்குள்ள எப்படிப் போனாரு?”

சிவசங்கரன் மோட்டார் சைக்கிளை உதைத்தார். முதல் உதைக்கு அது கிளம்பவில்லை. இரண்டாவது உதைக்கும் கிளம்பவில்லை. “எறங்கித் திரும்பி வந்திருப்பாரு. கலவர நேரம். யாரு எங்க போனாங்கன்னு யாருக்குத் தெரியும்,” என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

ஏழு வருடமாக அடித்துச் சொன்ன ஒரு விஷயத்தை இவ்வளவு சுலபமாக ஒரு மனிதர் விட்டுக்கொடுப்பாரா? சாந்தா தன் டிவிஎஸ் எக்ஸ்எல்லை எடுத்தாள். வழியெல்லாம் ஒன்பது, ஆறு, எண்பத்தொன்பது என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

வீட்டுக் கூடத்தில் பெண்கள் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். அழ வேண்டியவள் அழாததால் வந்தவர்களுக்கு அழவும் முடியவில்லை, பேசவும் முடியவில்லை. தனக்கோடி சமையலறையில் முப்பது பேருக்குக் காபி போட்டுக்கொண்டிருந்தாள். உட்கார்ந்தால் உடைந்துபோவோம் என்று அவளுக்குத் தெரியும்.

சாந்தா உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

“அம்மா, நம்ம வீட்டுப் பாத்திரத்துல எல்லாம் யார் பேரு வெட்டியிருக்கு?”

“இப்ப இதுவாடி கேள்வி?”

“சொல்லும்மா.”

தனக்கோடி ஸ்டாண்டிலிருந்து ஒரு குண்டானை எடுத்துத் திருப்பிக் காட்டினாள். தனம் என்றிருந்தது. “எல்லாம் என் பேருதான். பாதி எங்கம்மா போட்டுக் குடுத்தது. மீதி நான் வாங்கினது. பாத்திரக் கடைப் பக்கம் உங்கப்பா என்னைக்கு வந்தாரு?”

“அப்பா பேரு வெட்டின பாத்திரம் ஒண்ணுகூடக் கெடையாதா?”

“இருக்கும். ஆனா இங்க இருக்காது.”

“வேற எங்க?”

“கல்யாணத்துக்குக் குடுத்ததுல எல்லாம் அவர் பேரு இருக்கும். குடுக்கறவங்க பேரதான வெட்டிக் குடுப்போம். நாளைக்கு எடுத்துப் பொழங்கறப்ப யாரு குடுத்ததுன்னு தெரியணுமில்ல.”

“கல்யாணத் தேதியும் போடுவோமா?”

“போடாம?”

சொல்லி முடித்த பிறகுதான் தனக்கோடிக்கு மகள் எங்கே வருகிறாள் என்று புரிந்தது. கரண்டி கையிலேயே நின்றது.

கவனித்தீர்களா? இன்ஸ்பெக்டருக்குப் பாத்திரத்தில் பெயர் இருந்தால் அது வைத்திருந்தவனின் பெயர். அவர்மேல் தப்பில்லை. அவர் வீட்டு வழக்கம் அப்படி இருக்கலாம். ஆனால் நம் வீடுகளில் பாதிப் பாத்திரங்கள் நமக்குக் கொடுத்தவர்களின் பெயரைச் சுமந்துகொண்டுதானே ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கின்றன? சந்தாபுரா தமிழர்கள் ஒருவரும் கேரியரைக் கண்ணால் பார்க்கவில்லை. வெளியூர் ஜேசிபி ஆள் சேற்றோடு படித்துச் சொன்ன பெயரை மட்டும்தான் கேள்விப்பட்டார்கள். சாந்தாவுக்கு முன்னால் பார்த்த ஒரே சந்தாபுராத் தமிழர் சிவசங்கரன். தேதியைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை.

“அம்மா, அந்தக் கேரியர்ல அப்பா பேருக்குக் கீழ 9-6-89ன்னு இருக்கு.”

தனக்கோடி ஸ்டவ்வை அணைத்தாள். பத்து வருடத்துக்கு முந்தைய தேதி. அவளுக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை.

“உனக்கு அம்மை போட்டிருந்துச்சு,” என்றாள் மெதுவாக. “அதனால நான் கல்யாணத்துக்குப் போகல. கேரியர் நான்தான் போய் வாங்கினேன். நாலடுக்கு. உங்கப்பா தனியா எடுத்துட்டுப் போனாரு.”

“யாரு கல்யாணத்துக்கு?”

தனக்கோடி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“சுப்ரமணியன் கல்யாணத்துக்கு.”

சுப்ரமணியன் யார் என்று சாந்தாவுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்குச் சொல்கிறேன். பொம்மசந்திராவில் நாராயணசாமி வேலை பார்த்த அதே பாக்டரி, அதே ஷிப்ட். தினமும் வேலைக்கு அந்த நாலடுக்கைத் தூக்கிக்கொண்டு போகும் மனிதர். அவரும் அதே டிசம்பரில், அதே நாளில்தான் காணாமல் போனார். யாரோ ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு பம்பாய்க்கு ஓடிப்போய்விட்டார் என்று ஊர் முடிவு கட்டியது. ஓடிப்போனவனின் பெண்டாட்டி என்ற பெயரோடு அவர் மனைவி பாமா, சர்க்கிளில் எஸ்டிடி பூத் வைத்துப் பிழைத்துக்கொண்டிருக்கிறாள்.

“அப்ப அது அப்பா இல்ல,” என்றாள் சாந்தா. “அம்மா, அப்பா சாகல. அப்பா உசுரோட இருக்காரு.”

அம்மாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். ஏழு வருடத்துச் சந்தோஷம் ஒரே நிமிடத்தில் வந்தால் உடம்பு தாங்குமா? இருவரும் அந்தச் சின்னச் சமையலறையில் சத்தம் வராமல் சிரித்தார்கள், வாய்விட்டு அழுதார்கள். கூடத்தில் இருந்த பெண்களுக்கு அழுகை மட்டும் கேட்டது. அப்பாடா என்று அவர்களும் ஆரம்பித்தார்கள்.

முதலில் நின்றது தனக்கோடிதான்.

“சாந்தா. சுப்ரமணியனக் கிணத்துல போட்டது யாரு?”

சாந்தா அம்மாவின் தோளிலிருந்து கையை எடுத்தாள்.

“ஒரே ஷிப்டு. ஒரே நாளு. ஒருத்தன் கிணத்துல, ஒருத்தன் ஊர்ல இல்ல. போலீசு யாரத் தேடும்?”

அதுதான் விஷயம். தனக்கோடி வாயை மூடிக்கொண்டு ஒரு கையெழுத்துப் போட்டால், நாராயணசாமி பாவம் கலவரத்தில் செத்துப்போன நல்ல மனிதர். தனக்கோடி விதவை. வாயைத் திறந்தால் அவர் உயிரோடு இருக்கிறார். ஆனால் கொலைகாரன் என்று ஊர் சொல்லும். அதோடு பொட்டழிய வேண்டியவள் பாமா.

தனக்கோடி முகத்தைக் கழுவினாள். புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, பொட்டை மட்டும் புதிதாக வைத்தாள்.

“வண்டிய எடு. மொதல்ல பாமாகிட்ட சொல்லணும். அவ புருஷன் எலும்ப நான் வாங்கிட்டு வந்து எரிச்சா அந்தப் பாவம் என்னை விடாது.”

வாசலில் சிவசங்கரன் மறித்தார். “எங்க?”

“கையெழுத்துப் போடத்தாண்ணே.”

“நானும் வர்றேன்.”

“கோடி எடுத்த அண்ணன் வீட்டு வாசல்ல இருக்கணும். வந்த ஜனம் என்ன நெனைக்கும்? நீங்க இருங்க.”

பந்தலில் பத்துப் பேர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சம்பிரதாயத்தைச் சொல்லித்தான் இரண்டு நாளாக அவர் எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தார். அதே சம்பிரதாயம் இப்போது அவரை நாற்காலியில் உட்கார வைத்தது.

பூத்தில் கூட்டமில்லை. பாமா நைலக்ஸ் புடவையும் தலையில் கனகாம்பரமுமாக மீட்டர் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முப்பத்திரண்டு வயது. தனக்கோடியைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

“வாங்கக்கா. கேள்விப்பட்டேன். நானே வரணும்னுதான்...”

“பாமா, உக்காரு. உன் கல்யாணத்துக்கு நாங்க ஒரு கேரியர் குடுத்தோமே, அது எங்க?”

பாமா உட்காரவில்லை. துடைத்துக்கொண்டிருந்த துணியை மடித்தாள். மறுபடியும் மடித்தாள்.

“எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியலடி,” என்று தனக்கோடி அவள் கையைப் பிடித்தாள். “கிணத்துல இருந்தது என் வீட்டுக்காரர் இல்ல.”

“தெரியும்க்கா.”

சாந்தாவுக்கு முதலில் அது காதில் ஏறவே இல்லை.

“அன்னைலேர்ந்து தெரியும்,” என்றாள் பாமா. “ஏழு வருஷமா தினம் இந்தப் பூவ வச்சுகிட்டு அந்தக் கிணத்தத் தாண்டித்தான் நான் பூத்துக்கு வர்றேன். ஓடிப்போனவன் பெண்டாட்டின்னு பேரு வாங்கினா உசுரோட விடறேன்னாங்க. வாங்கிக்கிட்டேன்.”

“யாரு சொன்னது?” என்றாள் சாந்தா.

பாமா அவளைப் பார்க்கவில்லை. தனக்கோடியைத்தான் பார்த்தாள்.

“அந்தக் கிணத்துக்கு மண்ணு அடிச்சது யாரு லாரிக்கா?”

தனக்கோடியின் கை, பிடித்திருந்த கையை விட்டது. 92-ல் சந்தாபுராவில் லாரி வைத்திருந்தவர் ஒரே ஒருவர்தான். அவர் இப்போது அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

அப்போது போன் அடித்தது.

பாமா எடுக்கவில்லை. சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். சரியாக மூன்று மணி. போன் மூன்றாவது முறையாக அடித்தது. நான்காவது முறை அடித்தது.

“எடுத்துப் பேசுங்கக்கா. ஞாயித்துக்கெழம மூணு மணிக்கு ஒருத்தர்தான் பண்ணுவாரு.”

தனக்கோடி ரிசீவரை எடுத்தாள். சாந்தா ஓடி வந்து பக்கத்தில் காதை வைத்தாள். அந்தப் பக்கம் பஸ் ஹாரன் சத்தம். யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

“பாமா? தனம் நல்லாருக்காளா?”

வருடங்களில் குரல் கொஞ்சம் தடித்திருந்தது. வேறொன்றும் மாறவில்லை. தனக்கோடிக்கு ஒரு நிமிடம் உலகத்திலேயே தன்னைப்போல் பாக்கியசாலி கிடையாது என்று தோன்றியது. அடுத்த நிமிடம் வந்த கோபத்தில் அந்தப் போனையே உடைத்துவிடலாம் என்றிருந்தது.

“நல்லாத்தான் இருக்கேன்,” என்றாள். “நீங்க செத்துட்டீங்கன்னு சாயந்திரம் ஆறு மணிக்கு எனக்குப் பொட்டழிக்கறாங்க. வர்றீங்களா?”

அந்தப் பக்கம் மறுபடியும் பஸ் ஹாரன் கேட்டது.

“தனம்... கிணத்தத் தோண்டிட்டாங்களா?”

“அப்ப உங்களுக்கும் தெரியும்.”

“நான் ஒண்ணும் பண்ணல தனம். பார்த்தேன். பார்த்ததுதான் நான் பண்ண தப்பு.” குரல் உடைந்தது. “திரும்பி வந்தா சாந்தாவயும் அங்கயே போடுவேன்னு சொன்னான். அதான் வரல. நீ... நீ அழிச்சுக்கோம்மா. நான் செத்தவனாவே இருந்துட்டுப் போறேன். நீங்க ரெண்டு பேரும் நல்லாருக்கணும்.”

“அப்பா,” என்றாள் சாந்தா. அதற்குமேல் அவளால் முடியவில்லை. அந்தப் பக்கம் அழுகை கேட்டது.

தனக்கோடி அழவில்லை. அழுது முடிக்க அவளுக்கு ஏழு வருடம் இருந்தது.

“வாரா வாரம் இவகிட்ட என்னை விசாரிச்சிருக்கீங்க. ஒரு வாரம் என்னையே கேட்டிருக்கலாம். நான் பயப்படுவேன்னு நீங்களா முடிவு பண்ணிட்டீங்க.” மூச்சு விட்டுக்கொண்டாள். “நான் அழிச்சுக்க மாட்டேன். கிணத்துல இருந்தது யாருன்னு இப்பவே போய்ச் சொல்லப் போறேன். போட்டது யாரு, எதுக்குன்னு நீங்க வந்து சொல்லுங்க. நீங்க வரலன்னா பழி உங்க மேலதான் வரும். எது வேணும்னு நீங்களே பார்த்துக்குங்க.”

ரிசீவரைக் கீழே வைக்கவில்லை. மேஜைமேல் கிடத்தினாள். அதிலிருந்து தனம், தனம் என்று சின்னதாகக் கேட்டுக்கொண்டே இருந்தது.

“வண்டிய எடு,” என்றாள் மகளிடம்.

பாமா சுவரிலிருந்த கண்ணாடி முன்னால் நின்றிருந்தாள். தலையிலிருந்த கனகாம்பரத்தை எடுத்து மீட்டர் பெட்டிமேல் வைத்தாள். உள்ளங்கையால் நெற்றியை ஒரே இழுப்பாகத் துடைத்தாள். யாரும் அவளுக்கு ஒப்பாரி வைக்கவில்லை. கோடி எடுத்து வரவும் அவளுக்கு அண்ணன் தம்பி கிடையாது.

“நானும் வர்றேன்க்கா,” என்றாள். “என் வீட்டுக்காரருக்கு நான்தான கையெழுத்துப் போடணும்.”

தனக்கோடி அவள் தோளில் கை போட்டுக்கொண்டாள். எக்ஸ்எல்லில் மூன்று பேர் உட்கார்ந்தால் வண்டி ஏறுமா ஏறாதா என்று சாந்தா யோசிக்கவில்லை. ஆக்ஸிலேட்டரை முறுக்கினாள். சர்க்கிளைத் தாண்டும்போது எதிரே ஒரு மோட்டார் சைக்கிள் வேகமாக வந்தது. நாற்காலியில் அவ்வளவு நேரம்தான் சிவசங்கரனால் உட்கார முடிந்திருக்கிறது. மூன்று பெண்களையும் பார்த்தார். பாமாவின் நெற்றியைப் பார்த்தார். வண்டியைத் திருப்பி அவர்கள் பின்னாலேயே விரட்டினார்.

ஸ்டேஷனுக்கு இன்னும் ஒரு கிலோமீட்டர் இருந்தது.